மண்டையில் ஏறாததற்குக் காரணம் மண்டை அல்ல

அன்புள்ள முதலாமாண்டுப் பொறியியல் மாணவ மாணவியருக்கு,

எல்லோருக்கும்தான் எழுதுகிறேன். ஆனாலும் கண்முன் வைத்துக்கொண்டு எழுதுவது உங்களில் ஒரு பகுதியினரை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, ஏதோ ஒரு புறவழிச்சாலை ஓரத்துக் கல்லூரி விடுதியில் மூன்று பேரோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டிருப்பவர்கள்.

நான் கணக்கு வாத்தியார். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். விடுதியில் துணை வார்டன் வேலையும் என் தலையில்தான். அதனால் உங்களைப் பகலிலும் பார்க்கிறேன், நள்ளிரவிலும் பார்க்கிறேன். பகலில் மட்டும் பார்ப்பவர்களுக்கு நீங்கள் கவனமில்லாத பிள்ளைகள். இரவிலும் பார்ப்பவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

முதல் இன்டர்னல் மார்க் வந்ததும் வருஷா வருஷம் ஒரே வசனம் காதில் விழுகிறது: “சார், எனக்கு மண்டையில ஏறல சார்.” சொல்கிறவர் 200க்கு 170 கட்-ஆஃப் வைத்திருந்தவராக இருப்பார். பிளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருப்பார். மார்ச் மாதம் ஒழுங்காக வேலை செய்த மண்டை அக்டோபரில் எப்படிப் பழுதாகும்? அதை அவர் கேட்டுக்கொள்வதே இல்லை. தனக்குத் திறமை போதாது, இந்தப் படிப்புக்குத் தான் ஆளே இல்லை என்று நேராகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார். நான் பார்த்தவரை அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. அரைத்தூக்கத்தில், வெறும் வயிற்றோடு, பாதி புரிந்த மொழியில், யாரிடமும் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எப்பேர்ப்பட்ட மண்டை இருந்தும் பயனில்லை. மண்டையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மற்றதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

விடுதியில் ஒரு இரவு எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். எட்டு மணிக்கு மெஸ். ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ். பத்து மணிக்கு நோட்டைத் திறந்தால் பக்கத்துக் கட்டிலில் சத்தமாக ரீல்ஸ் ஓடும். மறுநாள் கொடுக்க வேண்டிய ரெகார்டு நோட்டு பதினொன்றரைக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்றரைக்கு விளக்கு அணையும். அதற்கப்புறமும் போர்வைக்குள் ஒரு போன் வெளிச்சம் அரை மணி நேரம் எரியும். காலை ஒன்பதுக்குள் முதல் பீரியட்.

உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்களில் பலர் ஐந்தில் ஓட்டுகிறீர்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை எவ்வளவு தடுமாறுகிறது என்று அளந்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு எவ்வளவு தடுமாறுமோ அவ்வளவு தடுமாறியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் அளவு 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றோடு 17 மணி நேரம் முடிந்துபோகிறது. அதற்கு மேலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேட்ரிக்ஸ் போடுகிறவர் கையில் பைக் சாவியைக் கொடுக்க மாட்டேன். பரீட்சைக்கு முந்தைய இரவை அவர் அப்படிக் கழிப்பதில் மட்டும் ஊரே பெருமைப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. பகலில் படித்தது மனதில் நிலைபெறுவதற்குத் தூக்கம் வேண்டும். படித்துவிட்டுத் தூங்காமல் இருப்பது உழைத்த கூலியை வாங்காமல் வீட்டுக்குப் போவது. இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கும் டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ‘படிக்கத்தான் சார் டீ குடிச்சேன்’ என்பவர் இரண்டு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இதனால்தான்.

ரீல்ஸைத் திட்டுவது சுலபம். ஆனால் தூக்கத்தைத் தின்னும் வேறொன்றைப் பற்றி ஆசிரியர்கள் பேசுவதில்லை. அது கேட்டரிங் வேலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் விடுதி வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட்டோடு பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவீர்கள். ரிசப்ஷன் பந்தி பரிமாறி முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகும். மண்டபத்திலேயே துணிவிரித்துப் படுத்து, நாலு மணிக்கு எழுந்து காலைப் பந்திக்கு இலை போடுவீர்கள். சில நூறு ரூபாயோடு திரும்புவீர்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே தூங்கும் பையனின் விரல் இடுக்கில் சாம்பார்ப் பொடி மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவனை எழுப்பி நிற்கவைத்துத் திட்ட எனக்கு வாய் வராது.

போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒன்றைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். கார்த்திகையில் முகூர்த்தம் அடுக்கடுக்காக வரும், மாடல் எக்ஸாமும் பெரும்பாலும் அப்போதுதான் வந்து நிற்கும். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வேன்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆள் கிடைக்காமல் கல்யாணம் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. உங்களுக்கு வரவேண்டியதை முழுசாக வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு, 2021 முதல் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஆதாரில் ஒரு இனிஷியல் மாறியதால், வங்கிக் கணக்கு இணைக்காததால் ஒரு வருஷமாகப் பணம் வராமல், அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அலுவலக வாசலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கிளார்க் முறைத்தாலும் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். அந்த ஆயிரம் வந்ததும் அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உங்களில் உண்டு. அனுப்புங்கள், ஆனால் இருநூறை முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் எடுத்துவைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஏனென்றால் நீங்கள் காலையில் சாப்பிடுவதில்லை. மெஸ்ஸில் நேற்று மீந்த சாதம் இன்றைக்கு லெமன் சாதமாக வந்திருக்கும், எனக்கும் தெரியும். அதற்காக ஒரு டம்ளர் டீயோடு ஓடிவந்தால் பதினொன்றரை மணி வகுப்பில் போர்டு மங்கலாகத்தான் தெரியும். பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக் கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது உங்கள் வகுப்பு மாணவிகளில் பாதிக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, படித்த வரியையே மூன்று தரம் படிப்பது எல்லாம் ரத்தசோகையாலும் வரலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

கல்லூரிக் கழிவறை சரியில்லை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். தலைவலி, சிறுநீர்த் தொற்று, அதற்கு லீவு, லீவினால் 75 சதவீத அட்டெண்டன்ஸ் குறைவது என்று வரிசையாகத் தொடரும். இதற்கு உங்களுக்கு அறிவுரை சொல்வது அநியாயம். கல்லூரி கழிவறையைக் கழுவ வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து எழுதிக்கொடுங்கள்.

அடுத்தது மொழி. போன வருஷம் ஐகன் வேல்யூ நடத்திக்கொண்டிருந்தபோது, எல்லோரும் ஸ்டெப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் எழுது, வேர்களைக் கண்டுபிடி, ஒவ்வொன்றையும் திருப்பிப் போடு. மார்க் வரும். இது என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. தமிழில் சொன்னேன்: ஒரு மேட்ரிக்ஸ் போய் ஒரு வெக்டரைப் பெருக்கினால் பொதுவாக அதன் திசை மாறிவிடும், ஆனால் சில வெக்டர்கள் இருந்த கோட்டிலேயே இருக்கும், நீளம்தான் மாறும், எத்தனை மடங்கு மாறுகிறதோ அதுதான் ஐகன் வேல்யூ. கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அதுவரை அவன் குரலை நான் கேட்டதில்லை. “அப்ப நீளம் மைனஸ்ல மாறுச்சுன்னா வெக்டர் திரும்பி நிக்குமா சார்?” அந்த வருஷம் முழுக்க எனக்கு வந்த கேள்விகளில் அதுதான் நல்ல கேள்வி. அதை இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்றிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான்.

தமிழில் கேள்வி கேட்டால் சிரிக்கும் வகுப்புகள் உண்டு, சிரிக்கிற ஆசிரியர்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகமே 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கிய ஊர் இது. தமிழில் யோசித்தால் பொறியியல் கோபித்துக்கொள்ளாது. வகுப்பில் கூச்சமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கேளுங்கள். இரவில் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததை அறை நண்பனிடம் தமிழில் சொல்லிப்பாருங்கள், அப்புறம் இங்கிலீஷில் எழுதிப்பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிஷம்தான். இரவு ஒரு மணிக்கு ‘எல்லாம் தெரியுது’ என்று தோன்றும், பரீட்சை ஹாலில் ஒன்றும் இருக்காது. மறுபடியும் மண்டைமேல் பழி விழும்.

பேலன்ஸ், பேலன்ஸ் என்று ஒரு பேச்சு இப்போது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. வெளியூரிலிருந்து மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டிவந்து, காலை ஐந்து மணிக்கு எழு, யோகா செய், டைரி எழுது என்று சொல்லவைக்கிறார்கள். மத்தியானம் அவரைக் காரில் ஏற்றிவிட்டு, இந்தச் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு என்று சர்க்குலர் விடுகிறார்கள். நாளின் 24 மணி நேரத்தையும் கல்லூரி வாங்கிக்கொண்டால் மாணவன் எதை வைத்து பேலன்ஸ் செய்வான் என்று கேட்டால், எதிர்மறையாகப் பேசுகிறேன் என்பார்கள். இருக்கட்டும்.

பரீட்சை வாரத்தில் படிப்பு கூடும், பொங்கல் வாரத்தில் குறையும். ஒவ்வொரு நாளும் எல்லாம் சமமாக இருக்க வேண்டியதில்லை. கூடும் வாரத்தில் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எப்போதும் தூக்கத்திலிருந்தே எடுக்கிறீர்கள். அடுத்து விளையாட்டிலிருந்து. பள்ளியில் மாவட்ட அளவில் கபடி ஆடிய பையன், ‘இனிமே படிக்கணும் சார்’ என்று கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை. வாரம் 150 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து சாயங்காலம், ஒவ்வொன்றிலும் அரை மணி. அவன் ஆடுவதை நிறுத்தியதால் மிச்சமான நேரம் போனுக்குத்தான் போயிருக்கிறது. கிரவுண்டுக்குப் போகிறவன் இரவில் தானாகத் தூங்கிவிடுகிறான்.

போனில் ரம்மி ஆடுவதையும், பத்து நிமிஷத்தில் கடன் தரும் செயலிகளையும் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால், போனில் உள்ள எண்களுக்கெல்லாம் படம் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள் என்றால், பணம் கட்டிக்கொண்டே போகாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. பயத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

இனி, வீட்டுக்குப் பேசும் போன். விடுதி மாடிப்படியில் தினமும் கேட்கிறேன். “சாப்டியா?” “சாப்டேன்.” “படிக்கிறியா?” “ம்.” “உடம்பு?” “நல்லாருக்கு, வச்சிடுறேன்மா.” ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தில் சாப்பிடாதது, தூங்காதது, இன்டர்னலில் 50க்கு 14 வாங்கியது எல்லாம் மறைந்துபோகிறது. அம்மா நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து பேசுகிறார், அவரிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள். நியாயமான நினைப்புதான். ஆனால் மறைக்க மறைக்க அது பெருத்துக்கொண்டே போகிறது. முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தவர், அதைச் சொல்ல முடியாமல் இரண்டாம் செமஸ்டர் வகுப்பையே தவிர்க்க ஆரம்பித்து, அதனால் இன்னும் மூன்றை விடுவதைப் பார்க்கிறேன். அரியரைவிட அதை மூடிவைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது.

அரியரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பிளேஸ்மென்ட்டுக்கு வரும் கம்பெனிகளில் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடாதவை உண்டு, பழைய அரியரையும் கேட்பவை சில உண்டு. ஆனால் அரியர் எழுதி கிளியர் செய்து நல்ல வேலையில் இருப்பவர்களின் கல்யாணப் பத்திரிகைகள் என் மேஜை டிராயரில் கட்டாகக் கிடக்கின்றன. அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதலாம். வீட்டில் சொல்வது எப்படி என்று தெரியாவிட்டால், ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு வாக்கியம் சொல்லிவையுங்கள்: “கணக்கு கஷ்டமா இருக்கும்மா, ஒரு பேப்பர் திரும்ப எழுத வேண்டி வரலாம்.” அதோடு பாதி பாரம் இறங்கும். அம்மாவிடம் முடியாவிட்டால், படித்த ஒரு சித்தப்பா, பிளஸ் டூ கணக்கு டீச்சர், ஊரில் ஏற்கெனவே டிகிரி முடித்த ஒரு அண்ணன், அக்கா. ஒருவருக்காவது முழு உண்மையும் தெரிந்திருக்கட்டும்.

தூங்கியும், சாப்பிட்டும், பேசியும் மனசு தேறவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழவே தோன்றவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. டைபாய்டுக்கு டாக்டரிடம் போவது போல இதற்கும் போக வேண்டும். 14416 என்பது டெலி-மனஸ் எண். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இருபத்துநாலு மணி நேரமும், தமிழில், காசில்லாமல் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் அவர் எந்த அறையில் உட்கார்கிறார் என்று விசாரியுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, உங்கள் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரைப் பற்றி. ஒருவன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தியிருப்பான். ஆசையாக வாங்கிய பொருளைச் சும்மா எடுத்துக் கொடுத்துவிடுவான். ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதுமே அழுதுவிடுவார்கள். ஆமாம் என்றால் அறையில் தனியாக விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும் அந்தச் சத்தியத்தை மீறுங்கள். ஒருவர் அவனோடு இருக்க, இன்னொருவர் வந்து வார்டன் கதவைத் தட்டுங்கள். இரவு இரண்டு மணியானாலும் தட்டுங்கள். எங்களுக்குக் குடியிருப்பை விடுதிக்குள்ளேயே கொடுத்திருப்பது அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்